போலந்து யூதர் பள்ளிகளும் தாயகக் கல்வியும்

மண்ணை இழந்த ஓர் இனம் அம்மண்ணைத் தன் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கும்? கண்ணால் காணாத மலையையும் ஆற்றையும் தன்னுடையவை என்று ஒரு குழந்தை எவ்வாறு உணரும்? இவ்வினாக்களை எழுப்புவோர் யூத மக்களின் கல்வி வரலாற்றைக் கடந்து செல்ல இயலாது. கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமப் படை எருசலேம் கோயிலை அழித்தது. அவ்வழிவின் பின்னர் யோகனான் பென் சக்காய் என்னும் அறிஞர் யவ்னே என்னும் சிற்றூரில் கல்விக்கூடம் ஒன்றை நிலைபெறச் செய்தார் என்பது யூத மரபு. கோயில் போயிற்று, ஏடு நின்றது. அன்று தொட்டு அம்மக்கள் சென்ற இடமெல்லாம் பள்ளியும் உடன் சென்றது.

அந்நெடிய வரலாற்றில் தாயகக் கல்வி பற்றிய கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த களம், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட போலந்து நாடாகும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு முப்பத்தொரு இலட்சம் யூதர் வாழ்ந்தனர். நாட்டு மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் யூதர். அவர்கள் ஒரே இனத்தவர், ஒரே வேதத்திற்கு உரியவர், எனினும் "நம் தாயகம் எது?" என்ற வினாவிற்கு அவர்தம் பள்ளிகள் வெவ்வேறு விடைகளைப் புகட்டின. அவ்விடைகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

நாட்காட்டி கற்பித்த நிலம்

புதிய பள்ளிகள் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே யூதச் சிறுவன் பாலஸ்தீன நிலத்தைப் பாடமாகப் பயின்றுவந்தான். அவனுக்கு அதைக் கற்பித்தது நாட்காட்டி. இலையுதிர்காலத்தில், கூடாரத் திருவிழாவின் முடிவில், மழை வேண்டி வழிபாடு நடக்கும். அது போலந்து உழவனுக்கு வேண்டிய மழையன்று. பாலஸ்தீனத்தில் மழைக்காலம் தொடங்கும் நேரம் அது. குளிர்காலத்தின் நடுவில், வீதியெங்கும் பனி உறைந்து கிடக்கையில், மரங்களின் புத்தாண்டு வரும். பாலஸ்தீனத்தில் வாதுமை மரம் பூக்கும் பருவம் அஃது. பனி மூடிய சிற்றூரில் இருந்த பிள்ளைகளுக்கு அன்று உலர்ந்த அத்திப்பழமும் பேரீச்சையும் கிடைக்கும். இளவேனிலில் பாஸ்கா விருந்தின் முடிவில், அடுத்த ஆண்டு எருசலேமில் இருப்போமாக என்னும் வேண்டுதலோடு குடும்பம் எழும். இவ்வாறு வாழ்ந்த மண்ணின் பருவம் ஒன்றாகவும் வழிபட்ட மண்ணின் பருவம் மற்றொன்றாகவும் இருந்தன.

ஹேடர் எனப்பட்ட பழைய திண்ணைப்பள்ளி இதற்குத் துணைநின்றது. நான்கைந்து வயதுச் சிறுவர் ஆசிரியர் இல்லத்தில் கூடி எபிரேய எழுத்துகளைக் கற்றனர். பின்னர்த் தோராவைச் சொல் சொல்லாக எடுத்து, வீட்டு மொழியாகிய யிட்டிஷில் பொருள் கூறிப் பயின்றனர். எருசலேம் கோயிலில் குருமார் செய்த பலிமுறைகள் அச்சிறுவனுக்கு மனப்பாடம். ஆயினும் அவன் கற்ற நிலம் வேதத்தின் நிலமேயன்றி அரசியலின் நிலமன்று. அங்கு இறைவன் குறித்த நாளில் மீட்பர் அழைத்துச் செல்வார். மனிதன் தானே புறப்பட வேண்டியதில்லை என்பதே பழைய நம்பிக்கை. பெண்மக்களுக்கு இக்கல்வியும் முறையாகக் கிட்டவில்லை.

உடன்படிக்கையும் பள்ளிகளும்

1918இல் போலந்து மீண்டும் விடுதலை நாடாயிற்று. 1919 ஜூன் 28ஆம் நாள் அது கையொப்பமிட்ட சிறுபான்மையினர் உடன்படிக்கை, சிறுபான்மை மக்கள் தம் மொழியில் பள்ளி நடத்தும் உரிமையை ஏற்றது. யூதப் பள்ளிகளுக்குப் பொதுப்பணத்தில் பங்கு உண்டு என்றும் கூறியது. ஏட்டில் இருந்த இவ்வுரிமை நாட்டில் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. அரசு உதவி அரிதாகவே கிடைத்தது. பெற்றோர் செலுத்திய கட்டணமும் கடல்கடந்து வாழ்ந்த உறவினர் அனுப்பிய நன்கொடையுமே பள்ளிகளைத் தாங்கின. 1934இல் போலந்து அரசு அவ்வுடன்படிக்கையின் மேற்பார்வைக்கு இனி உட்படுவதில்லை என்று உலக நாட்டுக் கழகத்தில் அறிவித்தது. இத்தகைய சூழலிலும் பள்ளிகள் பெருகின என்பதே வியப்புக்குரியது.

அவற்றுள் முதலில் நோக்கத்தக்கவை தர்பூத் பள்ளிகள். 'தர்பூத்' என்னும் எபிரேயச் சொல்லுக்குப் பண்பாடு என்பது பொருள். 1881இல் பாலஸ்தீனத்தில் குடியேறிய எலியேசர் பென் யெகூதா தம் இல்லத்திலேயே எபிரேயத்தைப் பேச்சுமொழியாக்கத் தொடங்கினார். அவர் போன்றோர் மூட்டிய அவ்விளக்கைப் போலந்தின் வகுப்பறைகளுக்குக் கொணர்ந்தவை இப்பள்ளிகளே. 1922இல் போலந்தில் நிறுவப்பெற்ற தர்பூத் அமைப்பின் பள்ளிகளில் 1930களில் முப்பதாயிரத்திற்கு மேற்பட்ட மாணவர் பயின்றனர். வில்னா, பியாலிஸ்டாக், ரோவ்னோ முதலிய கிழக்கு நகரங்களில் அவை வலுவுடன் விளங்கின. கணக்கும் அறிவியலும் எபிரேயத்திலேயே நடந்தன. ஒலிப்பு முறையும் போலந்து யூதர் வழிபாட்டில் வழங்கியதன்று. பாலஸ்தீனத்தில் புதிதாய் வழங்கிய ஒலிப்பே. சுவரில் யோர்தான் ஆற்றின் வரைபடம் தொங்கியது. பாலஸ்தீனத்தில் நிலம் வாங்குவதற்கென 1901இல் தொடங்கப்பெற்ற யூத தேசிய நிதியத்தின் நீலநிற உண்டியலில் பிள்ளைகள் சில்லறையை இட்டனர். அவர்களுக்குத் தாயகம் அங்கே இருந்தது; போலந்து அவ்விடம் செல்லும்வரை தங்கும் சத்திரம்.

இதற்கு நேர்மாறான விடை தந்தவை சிஷோ எனச் சுருக்கமாக வழங்கிய அமைப்பின் யிட்டிஷ் பள்ளிகள். இவ்வமைப்பு 1921இல் வார்சாவில் உருவாயிற்று. 1897இல் வில்னாவில் தோன்றிய பண்ட் என்னும் யூதத் தொழிலாளர் கட்சியும், இடதுசாரித் தொழிலாளர் சியோன் கட்சியும் இதற்குப் பின்பலமாக நின்றன. நெசவாளர், தையற்காரர், சுமைதூக்குவோர் ஆகியோரின் பிள்ளைகளே இங்குப் பெரும்பாலும் பயின்றனர். தாய் பேசும் மொழியில் கற்பதே கல்வி என்பது இப்பள்ளிகளின் கொள்கை. மெந்தெலே, பெரெட்ஸ், ஷோலெம் அலெய்கெம் ஆகியோரின் படைப்புகள் இங்குப் பாடமாயின. அதுவரை சமையலறை மொழி என்று இகழப்பட்ட யிட்டிஷில் இயற்பியலும் தாவரவியலும் எழுதப்பெற்றன. அதற்கென ஆசிரியர்கள் கலைச்சொற்களைத் தாமே ஆக்க வேண்டியிருந்தது. 1925இல் வில்னாவில் அமைந்த யிவோ ஆய்வு நிறுவனம் அம்மொழிக்கு இலக்கணமும் எழுத்து ஒழுங்கும் வகுத்தது.

பண்ட் கட்சியினர் தம் கொள்கையை ஒரே சொல்லில் அடக்கினர்: 'தோய்கைட்'. இங்கிருத்தல் என்று அதனைத் தமிழில் கூறலாம். எங்கு உழைக்கிறோமோ, எங்கு முன்னோர் புதைந்துள்ளனரோ, எங்கு நம் மொழி ஒலிக்கிறதோ, அவ்விடமே நம் தாயகம்; அங்கே உரிமை பெறப் போராடுவோம் என்பது அதன் கருத்து. 1926இல் வார்சாவிற்கு அருகில் மியெட்செஷின் என்னுமிடத்தில் காசநோய் அச்சமுள்ள ஏழைப் பிள்ளைகளுக்காக அமைந்த மெதெம் நலவிடுதி இக்கொள்கையின் சிறந்த விளைவு. அங்குப் பிள்ளைகள் தமக்குள் மன்றம் அமைத்து விடுதியின் வாழ்வைத் தாமே நெறிப்படுத்தினர். அவ்விடுதியைப் பற்றி 1936இல் எடுக்கப்பெற்ற திரைப்படத்திற்குப் போலந்து அரசு தடை விதித்தது.

மூன்றாவது விடையைத் தந்தவர் கிராக்கோ நகரத்துத் தையற்காரி ஒருவர். சாரா ஷெனிரர் என்னும் அப்பெண்மணி 1917இல் சிறுமியர் சிலரைக் கூட்டித் தொடங்கிய வகுப்பே பைஸ் யாக்கோவ் பள்ளிகளின் வித்து. ஆண்மக்களுக்கே உரியதாயிருந்த சமயக் கல்வியைப் பெண்மக்களுக்கும் முறையாக வழங்கியது இவ்வியக்கம். 1935இல் அவர் மறைந்தபோது இப்பள்ளிகள் நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தன. இங்குக் கற்பிக்கப்பட்ட தாயகம் வார்சாவுமன்று, எருசலேம் நகரத்து அரசியலுமன்று. வேதமும் அதன் கட்டளைகளுமே. கையில் ஏந்திச் செல்லத்தக்க தாயகம் அது.

இம்மூன்றையும் கூறுங்கால் நான்காவது உண்மை ஒன்றையும் மறைத்தல் ஆகாது. யூதப் பிள்ளைகளில் பெரும்பான்மையோர் இவற்றுள் எதிலும் பயிலவில்லை. கட்டணமற்ற அரசுப் பள்ளிகளிலேயே பயின்றனர். அங்குப் போலிஷ் மொழியே பயிற்றுமொழி. மிட்ஸ்கியேவிச்சின் கவிதையே இலக்கியம். போலந்து மன்னர் வரலாறே வரலாறு. வறுமையும் தொழில் தேவையும் பெற்றோரை அவ்வழியே செலுத்தின. போலந்தே தாயகம் என்று அப்பிள்ளைகள் கற்றனர். ஆனால் 1937இல் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்க்குத் தனி இருக்கை என்னும் இழிவு ஆணையாக வந்தபோது, கற்ற பாடமும் கண்ட உலகமும் முரண்பட்டன.

பாடத்தில் இடம்பெறாத மக்கள்

ஒவ்வொரு பள்ளியும் தாயகத்தைக் கற்பிக்கும்போது சிலவற்றை எடுத்துக்கொண்டது, சிலவற்றை விடுத்தது. யிட்டிஷ் பள்ளி, அண்டை வீட்டாரின் பகைமை நாளடைவில் தணியும் என்று நம்பியது. தர்பூத் பள்ளியின் வரைபடத்திலோ மலைகளும் யூதக் குடியிருப்புகளும் தெளிவாக இருந்தன. அங்கு வாழ்ந்த அரபு மக்கள் மங்கலாகவே தெரிந்தனர்.

இக்குறையை முன்னரே கண்டு உரைத்தவர் ஓர் ஆசிரியர் என்பது எண்ணத்தக்கது. யிட்சாக் எப்ஸ்டைன் கலிலேயாவின் யூதக் குடியிருப்புகளில் எபிரேயம் கற்பித்தவர். பிறமொழியின் துணையின்றி எபிரேயத்தை எபிரேயத்தின் வழியாகவே கற்பிக்கும் முறைக்கு வழிவகுத்த முன்னோடிகளுள் ஒருவர். தர்பூத் வகுப்பறைகள் பின்பற்றிய முறை அவர் போன்றோர் வகுத்ததே. 1905இல் பேசல் நகரில் சியோனியர் கூடியபோது அவர் உரையொன்று நிகழ்த்தினார். அவ்வுரை, மறைந்துகிடக்கும் கேள்வி என்னும் பொருள்பட்ட தலைப்புடன் 1907இல் ஹாஷிலோவா இதழில் அச்சேறியது. நம் அன்பிற்குரிய அந்நாட்டில் ஒரு முழு மக்களினம் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறது. அதை விட்டுச் செல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. இதை மறந்தோம் என்பதே அவர் உரையின் சாரம். நிலவுடைமையாளரிடம் விலைகொடுத்து நிலம் வாங்கினாலும், தலைமுறையாக அதை உழுத குடியானவன் வெளியேற்றப்படுகிறான் என்று அவர் எடுத்துக்காட்டினார். யூதர் அரபு மொழியைக் கற்க வேண்டும், தம் பள்ளியையும் மருத்துவமனையையும் அரபு மக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தார். அவர் காலத்தில் பலர் அவரை மறுத்தனர்.

அந்நிலத்தின் வாயிலும் நாளுக்கு நாள் குறுகிவந்தது. 1936 முதல் 1939 வரை பாலஸ்தீனத்தில் அரபு மக்களின் கிளர்ச்சி நடந்தது. 1939 மே மாதத்தில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஐந்தாண்டுகளில் 75,000 யூதர் மட்டுமே குடியேறலாம் என்று வரையறுத்தது. எபிரேயத்தில் சரளமாகப் பேசிய பிள்ளைகள் போலந்திலேயே நின்றனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் ஜெர்மானியப் படை போலந்திற்குள் புகுந்தது.

நிலத்தடியில் பள்ளி

1940 நவம்பரில் வார்சா யூதச் சேரி மதிலால் அடைக்கப்பட்டது. நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர் அச்சிறு பரப்பில் நெருக்குண்டனர். யூதர் பள்ளிகளுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. ஆயினும் கஞ்சித்தொட்டி நடந்த கூடங்களிலும், குடியிருப்பு அறைகளிலும் வகுப்புகள் மறைவாக நடந்தன. தரோர் என்னும் இளைஞர் இயக்கம் மறைவான உயர்நிலைப் பள்ளியொன்றை நடத்தியது. கவிஞர் யிட்சாக் கட்செனெல்சன் அங்கு விவிலியம் கற்பித்தார். 1941இன் இலையுதிர்காலத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் அனுமதி வந்தபோது, எபிரேயப் பள்ளியும் யிட்டிஷ் பள்ளியும் போலிஷ் மொழிப் பள்ளியும் சமயப் பள்ளியும் மீண்டும் தத்தம் வழியில் திறந்தன. பசியால் தெருவில் மக்கள் மாண்டுகொண்டிருந்த நாள்களில், எம்மொழியில் குழந்தைக்குக் கற்பிப்பது என்ற விவாதமும் தொடர்ந்தது. இதனைப் பேதைமை என்பார் உளர். நாளை என ஒன்று உண்டு என்று நம்பியவர்களின் செயல் என்று கொள்வதே பொருத்தம்.

அச்சேரியில் வாழ்ந்த இம்மானுவேல் ரிங்கல்புளும் வரலாற்று ஆசிரியர். பள்ளியில் வரலாறு கற்பித்தவர். அவர் சனிக்கிழமைதோறும் நண்பர்களைக் கூட்டி, 'ஓனேக் ஷபாத்' என்னும் மறைவுப் பெயரில் ஆவணத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். நாட்குறிப்பு, சுவரொட்டி, பங்கீட்டு அட்டை, மாணவர் எழுதிய கட்டுரை என எல்லாம் அதில் சேர்ந்தன. சியோனியர், பண்ட் கட்சியினர், சமயப் பற்றாளர் எனப் பல திறத்தாரும் எழுதினர். யிட்டிஷ், போலிஷ், எபிரேயம் ஆகிய மும்மொழிகளும் அங்கு ஒன்றாய் நின்றன. பள்ளிகள் பிரித்தவற்றை ஒரு வரலாற்று ஆசிரியரின் பெட்டி ஒன்றுசேர்த்தது.

1942 ஜூலை 22ஆம் நாள் டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு மக்களைக் கொண்டுசெல்லும் கொடுமை தொடங்கியது. இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 2,65,000 பேர் அனுப்பப்பட்டனர். ஆகஸ்டில் ஆதரவற்றோர் இல்லத்தின் தலைவர் யானுஷ் கோர்சாக் தம் பிள்ளைகளைக் கைவிடாது அவர்களுடனே சென்றார். அதே மாதத் தொடக்கத்தில் நொவோலிப்கி தெருவில் 68ஆம் எண் கட்டடத்தின் அடித்தளத்தில் பத்து உலோகப் பெட்டிகள் புதைக்கப்பட்டன. அக்கட்டடம் ஒரு யிட்டிஷ் பள்ளி. புதைத்தவர் அப்பள்ளியின் ஆசிரியர் இஸ்ரேல் லிக்டென்ஷ்டைன். துணைநின்றோர் இளைஞர் இருவர். மூவரும் போருக்குப் பின் உயிரோடு இல்லை. ரிங்கல்புளும் 1944 மார்ச்சில் கொல்லப்பட்டார். 1946இல் இடிபாடுகளைத் தோண்டியபோது அப்பெட்டிகள் வெளிப்பட்டன. 1950இல் பால் கேன்கள் இரண்டு கிடைத்தன. மூன்றாவது புதையல் கிட்டவேயில்லை.

இரு வீரர், இரு தாயகம்

1943 ஏப்ரல் 19ஆம் நாள் வார்சா யூதச் சேரியில் எழுச்சி வெடித்தது. தாயகம் அங்கே என்று கற்றோரும் இங்கே என்று கற்றோரும் ஒரே போராளி அமைப்பில் தோளோடு தோள் நின்றனர். அவ்வமைப்பின் தலைவர்களுள் உயிர்பிழைத்தோர் இருவரின் பிற்கால வாழ்வு, பழைய வகுப்பறை விவாதத்தின் தொடர்ச்சியாகவே அமைந்தது.

யிட்சாக் சுக்கர்மன் தரோர் இயக்கத்தின் தலைவர். அவர் 1947இல் பாலஸ்தீனம் சென்றார். 1949இல் அக்கோ நகருக்கு அருகே சேரிப் போராளிகள் பெயரால் கூட்டுப் பண்ணை ஒன்றைத் தோழர்களுடன் நிறுவினார். அங்கெழுந்த காட்சியகத்திற்குக் கவிஞர் கட்செனெல்சன் பெயர் சூட்டப்பெற்றது. அவர்கள் வகுப்பறையில் கற்ற எபிரேயம் ஓர் அரசின் மொழியாயிற்று. ஆனால் அப்பண்ணை அமைந்த நிலம் 1948இல் அரபு மக்கள் வெளியேற நேர்ந்த அல்-சுமைரிய்யா என்னும் சிற்றூருக்கு உரியது. அவ்வாண்டுப் போரில் வீடிழந்து ஏதிலிகளான பாலஸ்தீனியர் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர். எப்ஸ்டைன் 1905இல் எழுப்பிய வினா, ஓர் இனம் தன் பேரழிவிலிருந்து தப்பி ஊன்றிய வாசற்படியிலேயே வந்து நின்றது.

மாரெக் எடெல்மன் பண்ட் இளைஞர் அமைப்பில் வளர்ந்தவர். அவர் போலந்தை விட்டு நீங்கவில்லை. லோட்ஸ் நகரில் இதயநோய் மருத்துவராகப் பணியாற்றினார். 1968இல் யூதருக்கு எதிரான பரப்புரையால் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் வெளியேறியபோதும் அவர் அங்கேயே இருந்தார். 2009இல் மறையும்வரை இங்கிருத்தல் என்னும் கொள்கைக்குச் சான்றாக வாழ்ந்தார். ஆனால் அக்கொள்கையைப் பேசிய மக்களில் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் கொல்லப்பட்டுவிட்டனர்; அவர் தாய்மொழியைக் கேட்கும் தெருவே போலந்தில் இல்லாதொழிந்தது.

இவ்விருவருள் எவர் கற்ற பாடம் சரியென்று தீர்ப்பளிப்பது வரலாற்றின் பணியன்று. ஒரு பள்ளி மொழியை வாழவைத்தது. ஒரு பள்ளி உழைப்போர் மதிப்பை வாழவைத்தது. ஒரு பள்ளி பெண்கல்வியைத் தந்தது. எதிலும் பயின்ற பிள்ளைகளைக் காக்கும் ஆற்றல் எப்பள்ளிக்கும் இருக்கவில்லை. குற்றம் பள்ளிகளுடையதன்று, கொன்றவர்களுடையது.

எனினும் ஆசிரியப் பணியில் உள்ளோர் உள்ளத்தில் இறுத்த வேண்டிய உண்மை ஒன்று எஞ்சுகிறது. தாயகத்தைக் கற்பிப்பவர் பெருமையை மட்டும் கற்பித்தால், பாடத்தில் விடுபட்டவை வாழ்க்கையில் வந்து கணக்குக் கேட்கும். மொழிப்பற்றின் முன்னோடியாகவும் இருந்துகொண்டு, அயலாரை மறந்தோம் என்று சொல்லும் நெஞ்சுரமும் கொண்டிருந்தார் எப்ஸ்டைன். தம் கட்சிக்கு மாறான குரலையும் தம் பெட்டியில் பாதுகாத்தார் ரிங்கல்புளும். அத்தொகுப்பு இன்றும் வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் உள்ளது. 1999இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பள்ளிக்கூடத்தின் அடியில் புதைந்து கிடந்த அவ்வேடுகளில் மூன்று பள்ளிகளின் பிள்ளைகளும் அருகருகே இருக்கின்றனர். தாயகக் கல்வியின் முழுமை அத்தகைய தொகுப்பிலேயே உள்ளது.